சிவனொளிபாதமலை: நல்லதண்ணிப் படிகளை ஓடி ஏறி இறங்குவது எப்படி?

வெள்ளவத்தை ஓட்டக்காரன் கேட்டது:

வணக்கம். வருகிற பெப்ரவரியில் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலையை ஓடி ஏறி, ஓடி இறங்க யோசிக்கிறேன். கொழும்பில் சமதரையில் 10 கி.மீ. ஓட 58 நிமிடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறேன், மலை ஓட்டம் பழக்கமில்லை. கையில் எட்டு வாரம் இருக்கிறது.

1. முழுவதும் ஓட முடியுமா? எவ்வளவு நேரத்தை எதிர்பார்க்கலாம்?
2. கொழும்பில் இருந்துகொண்டே எப்படிப் பழகுவது?
3. இறங்கும்போது முழங்கால் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
4. யாத்திரிகர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் எந்த நேரம் ஏறலாம்?

---

படிக்கணக்கு எழுதியது:

முதலில் மலையின் அளவைப் பார்த்துவிடுங்கள். உச்சி 2,243 மீற்றர். நல்லதண்ணியில் இருந்து உச்சிக்கு ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற்றம். தூரத்தை 5 என்பார்கள், 7 என்பார்கள், கடைத்தெருவில் எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. படிகள் 5,500 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மலை ஓட்டப் போட்டிகளில் ‘வேர்ட்டிக்கல் கிலோமீற்றர்’ என்று ஒரு தனிப் பிரிவே உண்டு: 5 கி.மீ.க்கு மேற்படாத தூரத்துக்குள் 1,000 மீற்றர் ஏற வேண்டும். நல்லதண்ணிப் பாதை கிட்டத்தட்ட அந்த அளவிலேயே அமைந்திருக்கிறது. அந்தப் போட்டிகளில் முன்னணியில் வருபவர்களே செங்குத்தான இடங்களில் நடக்கத்தான் செய்கிறார்கள். அதனால் “முழுவதும் ஓட வேண்டும்” என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். ஓட வேண்டிய இடம் வேறு, வேகமாக நடக்க வேண்டிய இடம் வேறு.

முதல் இரண்டு கிலோமீற்றர் அளவுக்குத் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சாய்வும், இடையிடையே கொஞ்சம் படியும்தான். மகர தோரணம் தாண்டி, ஜப்பானியர் கட்டிய சமாதான தாகோபா வரை நன்றாக ஓடலாம். எல்லோரும் பிழைவிடும் இடமும் இதுதான். கால் புதிது, காற்று குளிர், மூச்சும் சிரமமாகத் தெரியாது. பத்து நிமிடம் 10 கி.மீ. போட்டி வேகத்தில் போய்விட்டால், பின்னால் வரும் செங்குத்துப் படியில் அதை நிமிடத்துக்கு நிமிடம் திருப்பிக் கட்ட வேண்டும். இந்தப் பகுதியில் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முறியாமல் கதைக்க முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் கூடிவிட்டது.

சீதகங்குலை ஓடையைத் தாண்டிய பிறகுதான் மலை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இப்படி ஏறுங்கள்: ஒவ்வொரு படியாக, இரண்டிரண்டாக வேண்டாம். இரட்டைப் படி முதல் நூறு மீற்றருக்கு வேகமாகத் தெரியும், பிறகு தொடை எரியும். பாதம் முழுவதையும் படியில் வையுங்கள். விரல் நுனியில் ஏறினால் முழுச் சுமையும் கெண்டைக்காலுக்குப் போகும், உச்சிக்கு அரைமணி முன்னதாகவே அது இழுத்துப் பிடிக்கும். முதுகை வளைக்காமல் இடுப்பில் இருந்து சற்று முன்னால் சாயுங்கள். படி உயரமாக இருக்கும் இடத்தில் உள்ளங்கையை முழங்காலுக்குச் சற்று மேலே வைத்து அழுத்தி, காலை நீட்ட உதவுங்கள். கை தொடையை விட்டு எழும்பும்போதே மற்றக் கை இறங்க வேண்டும். இந்தத் தாளம் பழகிவிட்டால் ஓடுகிறவரும் நடக்கிறவரும் ஒரே வேகத்தில்தான் போவார்கள், நடக்கிறவருக்கு மூச்சு மிஞ்சும்.

நேரத்தைக் கிலோமீற்றரில் கணக்கிடாதீர்கள், நிமிடத்துக்கு எத்தனை மீற்றர் உயர்கிறீர்கள் என்று பாருங்கள். கொழும்பில் 12 மாடித் தொடர்மாடி ஒன்றைப் பிடியுங்கள். ஒரு மாடிக்கு ஏறத்தாழ 3 மீற்றர். படியில் ஏறி லிப்டில் இறங்கி, ஏறும் நேரத்தை மட்டும் கூட்டி 20 நிமிடம் செய்யுங்கள். 320 மீற்றர் வந்தால் உங்கள் வேகம் நிமிடத்துக்கு 16. மலையில் அதில் எண்பது வீதம்தான் நிற்கும், ஆக 13. அப்படியென்றால் 1,000 மீற்றருக்கு 77 நிமிடம், தொடக்கச் சாய்வின் தூரத்துக்கு இன்னும் ஐந்து, பத்து நிமிடம். உங்கள் 58 நிமிடத்தை வைத்துப் பார்த்தால், ஒழுங்காகப் பழகினால் 85 முதல் 100 நிமிடம் நியாயமான எதிர்பார்ப்பு. உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் இருந்து நேராக வந்து ஏறுகிறவருக்குக் கடைசி அரைமணியில் அது தெரியும்.

எட்டு வாரத் திட்டம்: வாரத்துக்கு இரண்டு நாள் படி, ஒரு நாள் வழக்கமான மெது ஓட்டம். படி நாள் ஒன்றுக்கு முதல் வாரம் 150 மீற்றர் ஏற்றம் போதும். வாரத்துக்கு நூறு, நூற்றிருபது மீற்றர் கூட்டி ஆறாம் வாரத்தில் ஒரு தடவையாவது 700ஐத் தொடுங்கள், அதாவது அந்த 12 மாடியை இருபது தடவை. கடைசி வாரம் 150 மீற்றரோடு நிறுத்திவிடுங்கள்.

---

இறக்கம் எழுதியது:

ஏற்றத்தைப் பற்றி மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் லிப்டில் இறங்கிப் பழகிய ஒருவரைத்தான் மறுநாள் ஹட்டன் புகையிரத நிலையத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்கும் நிலைக்கு இந்த மலை கொண்டுவந்து விடும். ஆகவே மூன்றாவது கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது உடலின் பாரத்தைத் தாங்கியபடி நீண்டுகொண்டே வேலை செய்கிறது. நீளும்போது பாரம் தாங்குவதுதான் தசை நார்களைக் கிழிக்கும். 5,500 தடவை. அந்த நேரம் பெரிதாக நோகாது. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். “முழங்கால் போச்சு” என்று பலர் சொல்வது உண்மையில் இந்தத் தொடைத் தசை உளைவுதான். தொடை களைத்த பிறகு அதிர்ச்சியைத் தாங்க ஆளில்லாமல் போய் முழங்கால்மூட்டு வாங்குகிறது.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தசை ஒரு தடவை இறக்கத்தின் அடியை வாங்கினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சேதப்படும். அதனால் நான்காம் வாரம் முதல் லிப்டை விடுங்கள். நான்காம் வாரம் 200 மீற்றர் இறக்கம், ஐந்தில் 350, ஆறில் 500. கடைசிப் பெரிய இறக்கம் மலை நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் இருக்க வேண்டும். அதற்குப் பிந்தினால் உளைவோடு மலைக்கு வருவீர்கள். எட்டு வாரத்தில் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

இறங்கும் முறை: சிறிய அடி, வேகமான அடி. படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். குதிகால் முதலில் விழக்கூடாது, பாதத்தின் நடுப்பகுதி விழ வேண்டும், முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்தே இருக்க வேண்டும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் குதிகால் வழுக்கி அப்படியே முதுகுத்தண்டில் உட்காருவீர்கள். பார்வை காலடியில் இல்லாமல் மூன்று, நாலு படி முன்னால் இருக்கட்டும்.

இந்தப் பாதையில் விழுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தால் விழுவதில்லை, படிகள் ஒரே அளவில் இல்லாததால் விழுகிறார்கள். பத்துப் படி ஒரே உயரத்தில் வந்ததும் கால் அந்த உயரத்தை மனப்பாடம் செய்துவிடும். பதினோராவது படி நாலு விரற்கடை தாழ்வாக இருந்தால், தரை இருக்கும் என்று நம்பி வைத்த கால் வெறுமையில் இறங்கும். சீமெந்துப் படி முடிந்து பழைய கற்படி தொடங்கும் இடத்திலும், திருத்த வேலை செய்த இடத்திலும் இதை எதிர்பாருங்கள். படியின் நிறம் மாறினால் வேகத்தைக் குறையுங்கள்.

சப்பாத்து: ஆழமான பல் உள்ள மலைச் சப்பாத்து சேற்றுக்கு நல்லது. ஈரச் சீமெந்தில் அது பற்றாது, ஏனென்றால் பல் நுனிகள் மட்டும்தான் தரையில் படுகின்றன. 3, 4 மில்லிமீற்றர் பல், மென்மையான றப்பர், அதுதான் இங்கே வேண்டும். அடி தேய்ந்த வீதி ஓட்டச் சப்பாத்தைக் கொண்டுவராதீர்கள். இறங்குமுன் கயிற்றை அவிழ்த்து மீண்டும் கட்டுங்கள்: மேலே மிஞ்சியிருக்கும் கடைசித் துளையில் அந்தந்தப் பக்கக் கயிற்றையே வளையமாகக் கோத்து, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்குங்கள். குதிகால் அசையாது, பெருவிரல் முன்னால் போய் இடிக்காது. நகத்தை மூன்று நாள் முன்னால் வெட்டுங்கள். முதல் நாள் இரவு ஒட்ட வெட்டிவிட்டு வந்தால் விரல் நுனி புண்ணாகும்.

நேரம் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஏறிய நேரத்தில் அறுபது, எழுபது வீதம். அதைவிட வேகமாக இறங்க, படியில் ஆளில்லாமல் இருக்க வேண்டும்.

---

மஸ்கெலியா எழுதியது:

நாலாவது கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேரும் மலையைப் பற்றிச் சொன்னார்கள், மலைக்கு வரும் சனத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

பருவகாலம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாளில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடியும். பாதை விளக்கும் தேநீர்க் கடைகளும் அந்தக் காலத்தில்தான். பெரும்பாலோர் சூரிய உதயம் பார்க்கவே ஏறுகிறார்கள், ஆகவே நள்ளிரவுக்குப் பிறகு கூட்டம் ஏறும், விடியற்காலை இரண்டு மணியில் இருந்து ஆறு மணி வரை மேல்பகுதி நெருக்கம், ஏழு முதல் பத்து வரை அந்தக் கூட்டமெல்லாம் இறங்கும். சனி, ஞாயிறும் போயாவும் வந்தால் கடைசிப் பகுதியில் ஒரு படிக்கு ஒரு நிமிடம் நிற்க வேண்டிவரும். அந்த நாட்களில் ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாற நாட்காட்டியில் போயா எப்போது என்று முதலில் பாருங்கள்.

வேலை நாளில் ஓட வருபவருக்குச் சரியான நேரம் காலை பத்தரைக்குப் பிறகு. இறங்கும் கூட்டம் முடிந்திருக்கும், படி காய்ந்திருக்கும். பெப்ரவரியில் இந்தப் பக்கம் மழை குறைவு. மதியத்துக்குப் பிறகு முகில் மூடும், காட்சி கிடைக்காது. உதயத்தில் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழுவதைப் பார்க்க ஆசையென்றால் அதற்கு வேறொரு நாள் எல்லோரோடும் சேர்ந்து நடந்து ஏறுங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஏப்ரலில் வருகிறவர்கள் பின்னேர இடிமின்னலைக் கவனிக்க வேண்டும்: இடிச்சத்தம் கேட்டால் கம்பி பிடித்து ஏறும் கடைசிப் பகுதிக்குப் போகாதீர்கள், திரும்புங்கள்.

படியில் நடந்துகொள்ளும் முறை முக்கியம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். எழுபது வயது ஆச்சி வெறுங்காலோடு ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறிக்கொண்டிருப்பா. கைப்பிடிக் கம்பி அவர்களுக்கு, உங்களுக்கு இல்லை. கம்பி இல்லாத பக்கமாகத்தான் தாண்ட வேண்டும், பின்னால் இருந்து சத்தமில்லாமல் வந்து உரசக்கூடாது. நாலைந்து படிக்கு முன்பே நடைக்கு மாறி, “கொஞ்சம் வழி விடுங்கம்மா” என்று சொல்லுங்கள், சிங்களத்தில் “சமாவென்ன”. எதிரே வருகிறவர்கள் “கருணாவை” என்றால் நீங்களும் “கருணாவை” என்று சொல்லிவிட்டுப் போங்கள், மலையில் அதுதான் வணக்கம். சில இடத்தில் யாத்திரிகர்கள் வெள்ளை நூலை வழிநெடுகக் கட்டிக்கொண்டு போவார்கள், அது அவர்களுடைய நேர்த்தி. கம்பியைப் பிடிக்க நேர்ந்தால் முதலில் நூல் இருக்கிறதா என்று பார்த்துப் பிடியுங்கள், அறுத்துவிடாதீர்கள்.

உச்சியில் சப்பாத்தும் தொப்பியும் கழற்ற வேண்டும். சிவன் பாதம் என்று நாங்கள் கும்பிடுகிறோம், பௌத்தர்கள் புத்தர் பாதம் என்கிறார்கள், ஆதம் நபியின் பாதம் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். குட்டைக் காற்சட்டையோடு அங்கே போய் நிற்பது சரியில்லை. முழங்கால் மூடும் மெல்லிய காற்சட்டையோ சாரமோ பையில் வைத்திருங்கள், தோளும் மூடியிருக்க வேண்டும். மணியை எத்தனையாவது தடவை ஏறியிருக்கிறீர்களோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். உங்களுக்கு ஒன்று.

இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலை வழியும், குருவிட்ட எரத்ன வழியும் இருக்கின்றன. இரண்டும் 1,500 மீற்றருக்கு மேல் ஏற்றம், நீளமும் கூட. முதல் தடவைக்கு வேண்டாம்.

---

படிக்கணக்கு எழுதியது:

மஸ்கெலியா சொன்ன பத்தரை மணி நேரத்தை நான் ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு: அந்த நேரம் கீழே வெயில் அடிக்கும், மேலே காற்றுக் குளிரும். குளிரால் கெடுவது ஏறும்போது இல்லை, நின்ற பிறகுதான். வேர்வையில் நனைந்த பருத்தி ரீசேர்ட்டோடு உச்சியில் பத்து நிமிடம் நின்றால் பல் கிட்டும், விரல் மரத்துச் சப்பாத்துக் கயிறு கட்ட வராது. மேலே போனதும் ஐந்து நிமிடத்துக்குள் உடுப்பை மாற்றிவிடுங்கள். பையில்: காய்ந்த மேலுடுப்பு ஒன்று, மடித்தால் கைக்குள் அடங்கும் காற்றுத்தடுப்புச் சட்டை, காய்ந்த சொக்ஸ் ஒரு சோடி, சப்பாத்தைப் போட ஒரு துணிப்பை. சொக்ஸ் எதற்கென்றால், சப்பாத்தைக் கழற்றியதும் நிற்கப்போவது ஈரமான குளிர்ந்த தரையில். நனைந்த சொக்ஸை அங்கேயே கழற்றி, கும்பிட்டு வந்து காய்ந்ததைப் போட்டுக்கொண்டு இறங்கினால் கொப்புளம் வராது.

தண்ணீர் ஏற்றத்துக்கு 500 முதல் 750 மில்லிலீற்றர் போதும். பருவகாலத்தில் கடைகளில் நிரப்பலாம். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றுத் தூள்) கரைப்பதென்றால் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரையுங்கள், அரைப் போத்தலில் முழுப் பொட்டலத்தைப் போட்டால் வயிறு கலங்கும். புறப்பட இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னால் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் ஓடி முடித்த பிறகு. இடையில் ஒரு வாழைப்பழம், உச்சியில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு பிளேன்ரீ (பால் சேர்க்காத தேநீர்). வேறு எதுவும் தேவையில்லை. உறைகளைக் கீழே கொண்டு வந்து போடுங்கள், அந்தக் காட்டுக்குள் ஒரு பொலித்தீன் துண்டுகூட விழக்கூடாது.

---

வெள்ளவத்தை ஓட்டக்காரன் கேட்டது:

மிக்க நன்றி. மூன்று சந்தேகம். மலைக் கைத்தடி கொண்டு வரலாமா? இறங்குவதற்குள் இருட்டிவிட்டால் பாதை விளக்கு போதுமா, தலை விளக்கும் வேண்டுமா? பருவகாலம் தவறிவிட்டால் ஜூன், ஜூலையில் போகலாமா?

---

இறக்கம் எழுதியது:

இரண்டு கைத்தடி இந்தப் படிக்கு இடைஞ்சல். படி ஒடுக்கமான இடத்தில் பின்னால் வருகிறவர் காலில் நுனி குத்தும், நீங்கள் விழும்போது கை தரையில் ஊன்ற வராது. முழங்கால் முன்பே பழுதானவர் ஒன்று மட்டும், நுனியில் றப்பர் போட்டு, நடந்து இறங்கும்போது வைத்திருக்கலாம்.

விளக்கு கட்டாயம் வேண்டும். பாதை விளக்கு இருந்தாலும் அது உங்கள் முதுகுப்பக்கம் வரும்போது உங்கள் நிழலே அடுத்த மூன்று படியை மூடிவிடும். 200 லூமன் உள்ளது போதும். அதைத் தலையில் கட்டாமல் இடுப்பில் கட்டுங்கள். நெற்றியில் இருந்து விழும் வெளிச்சம் படியின் விளிம்பைத் தட்டையாக்கிக் காட்டும், மூடுபனியில் வெள்ளைத் திரை மாதிரிக் கண்ணுக்கே திரும்பும். இடுப்பில் இருந்து தாழ்வாக விழும்போது ஒவ்வொரு விளிம்புக்கும் நிழல் கிடைக்கும், உயரம் தெரியும்.

---

மஸ்கெலியா எழுதியது:

ஜூன், ஜூலை தென்மேல் பருவமழைக் காலம். விளக்கு இல்லை, கடை இல்லை, படியில் பாசி, அட்டை. விழுந்தால் தூக்க ஆளில்லை. ஓடுவதற்கு உரிய காலம் இல்லை அது, நடந்து போவதென்றாலும் தனியாகப் போகாதீர்கள். அட்டைக்குச் சவர்க்காரத்தைச் சொக்ஸிலும் கணுக்காலிலும் உலர்வாகத் தேய்த்துக்கொண்டால் ஓரளவு ஏறாது.

இன்னொன்று. நெஞ்சு இறுக்கம், இடது கைக்கு இறங்கும் வலி, கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம், ஆனால் அது நல்லதண்ணி வீதி வரைதான் வரும். அதுவரை ஆள்தான் தூக்கி இறக்க வேண்டும், மேலே போகப் போக அந்தத் தூரம் கூடும். ஓடி முடித்த அடுத்த நாளோ மறுநாளோ சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் அது வெறும் உளைவு இல்லை, தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். வலிமாத்திரை போட்டுக்கொண்டு படுக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மலையடியில் இருந்தால் டிக்கோயா ஆதார வைத்தியசாலை, கொழும்புக்குத் திரும்பிவிட்டால் அங்கே கிட்ட இருப்பது.